உபாத்தியாயர் எழுதும் நாலு வரி

"சோம்பேறி; கவனமில்லை." ஒரு பையனுடைய தேர்ச்சிப் புத்தகத்தில் மூன்று வருஷம் நாம் இப்படியே எழுதி வந்தோம். கேள்வி கேட்டால் சரித்திரப் பாடம் முழுவதையும் பிழையின்றிச் சொல்லுவான். எழுதச் சொன்னாலோ, கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஒரு பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். குறை நம் பார்வையில்தான் என்பதை வெகு தாமதமாகவே உணர்ந்தோம்.

'டிஸ்லெக்ஸியா' என்னும் இக்கற்றல் குறைபாட்டிற்கு நமது தேசத்தின் 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் இடமில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளுள் இதனையும் சேர்த்தது. அத்தாட்சி பெற்ற பிள்ளைக்குப் பரீட்சையில் அதிக நேரமும், சொல்வதை எழுத ஒருவருடைய துணையும் கிடைக்கும். அத்தாட்சி தருபவர் வைத்தியர். ஆயினும், பிள்ளையை அன்றாடம் காண்பவர் உபாத்தியாயரே அன்றோ?

ஆகையால், "நல்ல பையன், தயவு செய்க" என்னும் சிபாரிசு போதாது. எவ்வளவு நேரத்தில் எத்தனை வரி எழுதினான், எங்கே தடுமாறினான், வாய்மொழியாக என்ன விடை தந்தான் என்பதைக் கண்டபடியே குறிக்க வேண்டும். அதையும் பரீட்சை நெருங்கும்வரை தள்ளிப் போடலாகாது.

அந்தப் பையனுக்கு நாம் எழுதத் தவறிய நாலு வரியை, இனி வரும் பிள்ளைகளுக்கேனும் காலத்தில் எழுதுவோமாக!