சான்றிதழ் வேறு, தகுதி வேறு: கலிஃபோர்னியாவின் பள்ளிப் பொறுப்புடைமைச் சட்டம்

பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதி வேறு செலவுகளுக்குத் திருப்பப்படுவதை எதிர்த்து வாதிடுவோர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துப் பள்ளி நிதிச் சட்டத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆந்திரப் பிரதேசம் துணைத்திட்டத்துக்குச் சட்ட வடிவம் அளித்த அதே 2013ஆம் ஆண்டில்தான் அதுவும் இயற்றப்பட்டது.

அங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது ‘பள்ளி மாவட்டம்’ எனும் தனி அமைப்பு. ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படை மானியம் உண்டு. ஏழை மாணவர், ஆங்கிலத்தை இன்னும் கற்றுவரும் மாணவர், பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் வளர்வோர் ஆகியோருக்கு அதன்மேல் 20 விழுக்காடு கூடுதல். இத்தொகையால் இவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதை மாவட்டம் மூன்றாண்டுத் திட்டமாக எழுதி, பெற்றோர் குழுவிடம் கருத்துக் கேட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

திட்டத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு மாநிலச் சட்டம் கோரும் குறைந்தபட்சம் 13 ஓராண்டுப் பாடங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேரவோ 15 பாடங்கள் தேவை. ஒவ்வொன்றிலும் ‘சி’ தரம் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழுக்குக் கணிதம் 2 ஆண்டு போதும். பல்கலைக்கழகத்துக்கு 3 ஆண்டு. ஆக, ஒரு மாணவி எதிலும் தோல்வியுறாமல் பள்ளியை முடித்துவிட்டு, விண்ணப்பிக்கவே தகுதியற்றவளாக நிற்க முடியும். அறிவியல் பிரிவே இல்லாத மேல்நிலைப் பள்ளியில் பயின்ற நம் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் காட்டும் அறிக்கை இந்த இழப்பை மறைத்துவிடும். எனவேதான் பல்கலைக்கழகத் தகுதிப் பாடங்களை முடித்தோர், தொழிற்கல்விப் பாடத்தொடரை முடித்தோர் ஆகியோரின் கணக்கையும் திட்டத்தில் காட்டுமாறு சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உயர்கல்விக்கோ பணிக்கோ ‘தயாரானோர்’ எத்தனை பேர் என்பதை இனவாரியாகவும் வருவாய்வாரியாகவும் மாநில அரசு வெளியிடுகிறது.

சட்டம் இருந்தும் நிதி திசைமாறியது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு எப்படியும் செய்தாக வேண்டிய சிறப்புக் கல்விச் செலவை, ஏழை மாணவருக்கான கூடுதல் செலவாக லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் கணக்குக் காட்டியது. (மேம்பாலத்தைத் துணைத்திட்டக் கணக்கில் எழுதும் வித்தை நாமறியாததா?) 2015இல் மக்கள் அமைப்பொன்றும் பெற்றோர் ஒருவரும் வழக்குத் தொடுத்தனர், முறைகேட்டுப் புகாரும் அளித்தனர். மாநிலக் கல்வித் துறை 2016இல் புகாரை ஏற்றது. 2017இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 15 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை 50 பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனாலும் செலவிடாத கூடுதல் மானியம் மறு ஆண்டு பொது நிதியில் கரைந்துபோனது. 2019இல் மாநிலத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய இந்த ஓட்டை, 2021இல்தான் அடைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் துணைத்திட்டச் சட்டம் 2024இல் வந்தது. அதன் கீழான கல்விச் செலவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கும் மாணவர் அமைப்புகள், ஒதுக்கிய தொகையோடு நின்றுவிடக் கூடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் எந்தெந்தப் பாடப்பிரிவுகள் நடக்கின்றன, பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் எந்தப் படிப்பில் சேர்ந்தனர், செலவிடாத பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பள்ளிவாரியாகக் கேட்க வேண்டும்.