பாட்டு மெதுவானால் பாடகி ஏன் வளர்கிறார்?

யூடியூபில் ஒரு பழைய காதல் பாட்டைப் போட்டு, செட்டிங்ஸில் வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள். பாட்டு மெதுவாகிவிடும். ஆனால் ‘ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்’ என்ற பெயரில் ரீல்ஸிலும் ராத்திரி பிளேலிஸ்ட்களிலும் ஓடுகிறதே, அந்தக் கனம் வராது. பாடுபவர் அதே ஆள்தான். கொஞ்சம் களைப்பாகப் பாடுகிறார், அவ்வளவுதான். அதே பாட்டை ஓர் இணையக் கருவியில் ஏற்றி வேகத்தை 0.8 என்று வைத்தால் குரலே வேறொருவருடையதாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் வேகத்தைத்தானே குறைத்தோம், பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது.

ஒரு முழம் மல்லிகைச் சரத்தை ஒன்றேகால் முழமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு. பூவின் அளவை மாற்றாமல், இருக்கிற பூக்களைப் போலவே இன்னும் சில பூக்களை இடையில் சேர்த்துத் தொடுக்கலாம். அல்லது பூக்களின் எண்ணிக்கையைத் தொடாமல் ஒவ்வொரு பூவையும் கால் பங்கு பெரிதாக்கலாம். பூக்கடையில் இரண்டாவது நடக்காது, ஒலியில் நடக்கும். இங்கே பூ என்பது ஓர் அதிர்வு.

யூடியூப் முதல் வழியில் போகிறது. ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கி, தேவையான இடத்தில் அதிர்வுகளைப் பிரதியெடுத்து நிரப்புகிறது. ஒவ்வொரு அதிர்வும் பழைய நீளத்திலேயே இருப்பதால் சுருதி மாறுவதில்லை. சிக்கல் எங்கே என்றால், சரத்தில் இடையிடையே வரும் மரிக்கொழுந்து போலப் பாட்டில் தபலா அடியும் தாளத் தட்டும் வருகின்றன. அவற்றையும் பிரதியெடுத்துவிட்டால் ஓர் அடி இரண்டாகக் கேட்கும், அல்லது கூர்மை மழுங்கிப் பிசுபிசுக்கும். நல்ல மென்பொருள் மரிக்கொழுந்து எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பூவைச் சேர்க்கும்.

‘ஸ்லோட்’ கருவி செய்வது இரண்டாவது வேலை. நான்கு நிமிடப் பாட்டு 0.8 வேகத்தில் ஐந்து நிமிடமாகிறது. மொத்த அதிர்வுகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொன்றும் கால் பங்கு நீண்டிருக்கிறது. அதனால் சுருதி ஏறக்குறைய நான்கு அரைச்சுரம் இறங்குகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடியது கீழ் ஸ்தாயியின் ஐந்தரைக் கட்டைக்குப் போய்விடும். மின்னல் மாதிரி ஓடிய பிருகா அவிழ்ந்து, அதற்குள் இருந்த சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழும். அடுத்த வரிக்கு முன் பாடகி இழுக்கும் மூச்சுகூடக் கனத்துவிடும்.

சுருதி இறங்கியதோடு விஷயம் முடியவில்லை. இந்த வித்தையின் உண்மையான அழகு இனிமேல்தான் வருகிறது.

ஒருவர் பேசும்போது அவர் சிறுவரா பெரியவரா, ஆணா பெண்ணா என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுருதி ஒரு துப்பு. குரல்நாணிலிருந்து உதடுவரை உள்ள குழலின் நீளம் இன்னொரு துப்பு. வளர்ந்த பெண்ணுக்கு இது சராசரியாகப் பதினான்கு, பதினைந்து செ.மீ.; ஆணுக்குப் பதினேழு செ.மீ. அளவில். குழல் நீளமானால் அது தூக்கிக்கொடுக்கும் அலைவரிசைகள் இறங்கும். மிமிக்ரி கலைஞர் சுருதியை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். உதட்டைக் குவித்தும் குரல்வளையைத் தாழ்த்தியும் குழலைக் கொஞ்சம் நீட்டலாம், அதற்குமேல் முடியாது. கருவிக்கு அந்த வரம்பு இல்லை. எல்லா அதிர்வுகளையும் ஒரே விகிதத்தில் நீட்டுவதால், 0.85 வேகத்திலேயே பாடகியின் குழல் ஆணின் நீளத்துக்கு வந்துவிடுகிறது. 0.8 வேகத்தில் பதினெட்டு செ.மீ.யைத் தொடும். ஆனால் சுருதி அந்த அளவுக்கு இறங்குவதில்லை. பெண்குரலுக்கும் ஆண்குரலுக்கும் சுருதியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் உண்டு. இங்கே இறங்கியதோ ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது ஆணைவிடப் பெரிய உடம்பு, ஆணைவிட மேலான சுருதி. இப்படி ஒரு மனிதரை நாம் சந்திப்பது அபூர்வம். அந்தக் குரலின் ஏக்கமும் அந்நியத்தன்மையும் பெரும்பாலும் இந்தப் பொருந்தாமையிலிருந்துதான் வருகின்றன என்று தோன்றுகிறது.

பாடகியோடு சேர்ந்து அவர் நிற்கும் இடமும் வளர்கிறது. ஒலிப்பதிவில் ஏற்கெனவே கூடத்தின் முழக்கம் இருக்கும். சுவரில் பட்டு இருபது மில்லிவினாடியில் திரும்பிய ஒலி இப்போது இருபத்தைந்தில் திரும்பும். இரண்டு வினாடி நின்ற முழக்கம் இரண்டரை வினாடி நிற்கும். கூடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கால் பங்கு கூடியதாகக் காது எடுத்துக்கொள்ளும். வேறு விதமாகவும் கணக்குப் போடலாம். கூடம் அப்படியே இருக்க, ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டரிலிருந்து 274 மீட்டராகக் குறைந்தாலும் இதே விளைவுதான். கார்பன் டை ஆக்சைடில் ஒலி ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகிறது! (அந்த வாயு நிரம்பிய கூடத்தில் யாரும் பாட முடியாது, பாடினாலும் குரல்நாணின் சுருதி இறங்காது.)

வரலாறு என்று பார்த்தால், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிஜே ஸ்க்ரூ 1990களின் தொடக்கத்திலேயே ராப் பாடல்களை மெதுவாக்கிக் கேசட்டில் வெளியிட்டார். 2000-இல், இருபத்தொன்பது வயதில் இறந்தார். அதே நகரின் ஸ்லேட்டர் என்ற இளைஞர் 2017 வாக்கில் ரிவெர்ப் சேர்த்து ‘ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்’ என்ற புதுப் பெயரில் இதைப் பரப்பினார். இவர்களுக்கு முன்பே, 45 சுற்று இசைத்தட்டைத் தவறுதலாக 33-இல் ஓடவிட்ட எல்லா வீட்டிலும் இது நடந்திருக்கும். டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ பாட்டை அப்படி ஓடவிட்ட பதிவு இணையத்தில் வெகுவாகப் பரவியது. அதில் பாடுவது ஆண் என்றே தோன்றும்.

இனி ரிவெர்ப். சரத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் அறையில் நிற்கும் மணம் அது. கணினியில் அந்த மணத்தை உண்டாக்கும் வழியை 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரெட் ஷ்ரோடர் காட்டினார்: ஒலியைச் சில மில்லிவினாடிகள் தாமதித்து, கொஞ்சம் தணித்து, மறுபடி உள்ளே அனுப்புவது. தாமதங்கள் ஒன்றுக்கொன்று பொதுவகுத்தி இல்லாத எண்களாக இருந்தால், எதிரொலிகள் ஒரே இடத்தில் குவிந்து தகரச் சத்தம் போடாமல் பரவிக்கொள்ளும். இன்னொரு முறையில், நிஜக் கூடத்தில் ஒரு பலூனை உடைத்து, அதன் முழக்கத்தைப் பதிந்துவந்து பாட்டின் ஒவ்வொரு நொடிமீதும் பூசுகிறார்கள். இந்த வேலைகளைச் செய்யும் வெப் ஆடியோ என்ற வசதி இன்றைய உலாவிகளுக்குள்ளேயே இருக்கிறது. 2021-இல் அது அதிகாரபூர்வத் தரநிலையும் ஆகிவிட்டது.

அதனால்தான் ‘ஏஐ ரிவெர்ப்’ என்று சந்தா கேட்கும் தளங்களைக் கண்டால் தயங்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது வெறும் வகுத்தல் கணக்கு. ‘மனக்காயம் ஆற்றும்’, ‘படித்தது மனதில் பதியும்’ என்று இந்தப் பாட்டுகளுக்கு வைக்கும் தலைப்புகளையும் நம்ப வேண்டாம். இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமான இசை மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டியது. மெதுவான இசை தணிவைத் தந்தது. ஆனால் உடல் அதிகமாகத் தளர்ந்தது, நடுவில் இசையை நிறுத்திய இரண்டு நிமிட மௌனத்தில். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் 24 பேர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘கனவு மாதிரி’ என்று புகழப்படும் மங்கலான ஒலியில் ஒரு பகுதி வெறும் இழப்பு. 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, 0.8 வேகத்தில் அந்த மேல்விளிம்பு 12,800-க்கு இறங்கிவிடும். ஜால்ராவின் மினுமினுப்பு போய்விடும். அதன்மேல் ரிவெர்ப்பைக் கொட்டினால் வரிகளும் போகும். தமிழில் ‘ட்ட’, ‘த்த’, ‘ப்ப’ வரும் இடங்களில் ஒலி ஒரு கணம் அடைபட்டு நிற்கிறது. அந்தச் சின்ன இடைவெளியை முழக்கம் நிரப்பிவிட்டால், பாடலாசிரியர் பார்த்துப் பார்த்து வைத்த எதுகை காதில் விழாது. அது பெரிய நஷ்டம்.

செய்து பார்க்க விரும்புபவர்கள் இழப்பில்லாத ஃப்ளாக் அல்லது வேவ் கோப்பிலிருந்து தொடங்குங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருளில் டெம்போவை மட்டும் மாற்றும் கட்டளை வேறு, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளை வேறு; வேண்டியது இரண்டாவது. 0.85-க்குக் கீழே அவசரப்பட்டு இறங்காதீர்கள். முதலில் மெதுவாக்குங்கள், பிறகு ரிவெர்ப். வரிசையை மாற்றினால் நீங்கள் சேர்த்த முழக்கமும் சேர்ந்து நீளும். வெளியிடுவதற்கு முன் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் மூவர் பெயரையும் பதிவின் கீழே போடுங்கள். குரலே அடையாளம் தெரியாமல் மாறிவிட்ட பாட்டில், கேட்பவருக்கு அவர்களைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.