சரிவிலே வாய்ப்பாம்! யாருக்கு வாய்ப்பு?

சந்தை சரிந்துவிட்டதா? சஞ்சலப்படாதே! மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடு! இது பங்குச் சந்தைப் பண்டிதர்கள் பாமரனுக்கு ஓதும் மந்திரம். தொலைக்காட்சியிலே ஓதுகிறார்கள், கைப்பேசியிலே ஓதுகிறார்கள், பணம் படைத்தோரின் ஏடுகளிலே பக்கம் பக்கமாக ஓதுகிறார்கள். முன்பெல்லாம் இந்த ஓதல் மாளிகை வாயிலோடு நின்றது. இன்று ஆலை வாயிலுக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. பாட்டாளியின் பணமும் அங்கே போகிறது. ஆகவேதான் நாமும் பேச வேண்டியிருக்கிறது.

சரிவு ஒரு வாய்ப்பு என்கிறார்களே, அது பொய்யா? பொய்யல்ல, தோழர்களே! பாதி உண்மை. முழுப் பொய்யைவிடப் பொல்லாதது பாதி உண்மை. சொல்லாமல் விட்ட மறுபாதியை நாம் சொல்கிறோம்.

மழை பொய்த்த ஊரை எண்ணிப் பாருங்கள். புல் கருகிவிட்டது, குளம் வற்றிவிட்டது. குடியானவன் தன் உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறான். பாதி விலைதான் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுக் கண்கலங்கி வருகிறான். அந்த மாட்டை வாங்கியவன் யார்? வீட்டுக் கொல்லையிலே வைக்கோற்போர் வைத்திருப்பவன்! அடுத்த மழை வரும்வரை மாட்டுக்குத் தீனி போட அவனால் முடியும். மழை வந்ததும் அதே மாடு இருமடங்கு விலை. பஞ்சம் அவனுக்கு வாய்ப்பு. விற்றவனுக்கோ வயிற்றில் அடி. மாடு ஒன்றுதான், சந்தை ஒன்றுதான். வேறுபாடு வைக்கோற்போரில் இருக்கிறது!

உலகப் பங்குச் சந்தையின் கதையும் இதுதான்.

2025 ஏப்ரல் 2. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப், உலக நாடுகளின் சரக்குகள்மீது புதுச் சுங்க வரிகளை அறிவித்தார். அடுத்த இரண்டே நாட்களில் அமெரிக்காவின் முன்னணி 500 கம்பெனிகளின் குறியீடு 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஏப்ரல் 7 அன்று ஹாங்காங் சந்தை 13 சதவீதம் வீழ்ந்தது. பம்பாயில் சென்செக்ஸ் 2,226 புள்ளிகளைப் பறிகொடுத்தது. ஏப்ரல் 9 அன்று அதே தலைவர், சீனம் நீங்கலான பிற நாடுகளுக்கு வரி உயர்வை 90 நாட்கள் நிறுத்தி வைத்தார். அன்று ஒரே நாளில் அமெரிக்கக் குறியீடு 9.5 சதவீதம் துள்ளி எழுந்தது!

ஒரு வாரத்திற்குள் ஆலைகள் இடிந்தனவா? எழுந்தனவா? இரண்டும் இல்லை. பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையிலே ஒரு துண்டு. அந்தக் கம்பெனி நாளை எவ்வளவு ஈட்டும் என்ற எண்ணந்தான் அதன் இன்றைய விலை. எண்ணம் ஆடினால் விலை ஆடும். எஃகும் இயந்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சத்தில் விற்றவன் இழந்தான். ஆற இருந்தவன் தப்பினான். ஆற இருக்க எவனால் முடியும்? அடுத்த மாத வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பாதவனால்!

இன்னும் கசப்பான காட்சி ஒன்று உண்டு. 2020 மார்ச் 23. கொரோனா அச்சத்திலே சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981க்கு வந்தது. மறுநாள் இரவு நாடு முழுதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். ஆலை அடைபட்டது, அடுப்பு அணைந்தது. மூட்டையைத் தலையிலும் பிள்ளையைத் தோளிலும் சுமந்துகொண்டு, வடபுலத்துச் சாலைகளிலே உழைப்பாளர் கூட்டம் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததே, நினைவிருக்கிறதா? அவர்கள் நடந்துகொண்டிருந்தபோதே சந்தை ஏறிக்கொண்டிருந்தது! மே மாத முடிவில் 32,000ஐத் தாண்டிவிட்டது. 2021 ஜனவரி 21 அன்று 50,000ஐத் தொட்டது. பத்து மாதத்திலே பணம் ஏறத்தாழ இருமடங்கு. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மார்ச்சிலே கையில் பணத்தோடு வாங்க நின்றவன் எவன்? கால் கொப்பளிக்க நடந்தவனா?

2008இல் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தபோதும் இதே நாடகந்தான். 2009 மார்ச்சிலேயே அமெரிக்கப் பங்குகள் ஏறத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே வேலையில்லாதோர் 100க்கு 10 பேர். சந்தை எழுந்தது, தொழிலாளி எழவில்லை. சந்தையின் நலம் வேறு, சமுதாயத்தின் நலம் வேறு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பொறுத்திருந்தால் போட்ட பணம் மீளும் என்கிறார்கள். எவ்வளவு காலம் பொறுப்பது? 1929 செப்டம்பரில் அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு 381. 1932 ஜூலையில் 41. அதாவது, நூறு ரூபாய் பதினொரு ரூபாயாகிவிட்டது. பழைய உயரத்தை மீண்டும் எட்டியது 1954 நவம்பரில்! கால் நூற்றாண்டு! ஜப்பானில் 1989 டிசம்பரில் 38,915இல் நின்ற நிக்கேய் குறியீடு, அந்த உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள்! நாற்பது வயதில் போட்டவன் எழுபத்து நான்கு வயதில் எடுத்தான். இருந்தால் எடுத்தான்!

அடுத்து என்ன நடக்கும் என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆரூடக்காரர்களுக்கும் குறைவில்லை. 1929 வீழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன்பு, பங்கு விலைகள் இறங்காத மேட்டுக்கு ஏறிவிட்டன என்று உரைத்தவர் தெருவோரச் சோதிடர் அல்லர்; யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்விங் ஃபிஷர். பேரறிஞர்தான், பெருந்தொகையை இழந்தவரும் அவரேதான். அவர் கணக்கே தவறியது என்றால், வாட்சப்பிலே வரும் 'டிப்ஸ்' எம்மாத்திரம்?

இதனினும் கொடிய கண்ணி ஒன்று, ஏற்ற இறக்கக் காலங்களிலே இளைஞரை இழுக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர வணிகம் அது. சிறு தொகை போட்டுப் பெருந்தொகைக்குப் பந்தயம்! செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், இதில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்! அந்தப் பணம் ஆவியாகிவிடவில்லை. 2023-24இல் மட்டும், செலவு நீக்குமுன், சொந்தக் கணக்கில் வாணிபம் செய்யும் பெருந்தரகு நிறுவனங்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் ஈட்டினர். ஈட்டியதிலே பெரும்பகுதி, கணிப்பொறிகள் தாமே வாங்கி விற்றுச் சேர்த்தது. இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வரும் தோழன், கண்ணிமைக்காத இயந்திரத்தோடு சூதாடி வெல்வானா?

அப்படியானால் பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்கிறோமா? இல்லை. நாம் போகாவிட்டாலும் நம் பணம் போகிறது. பிராவிடண்ட் ஃபண்டில் புதிதாகச் சேரும் தொகையிலே ஒரு பகுதியை 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தையில் போடுகிறார்கள். முதலில் 5 சதவீதம். பின்னர் 15 சதவீதம் வரை உயர்த்தினார்கள். பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இந்தச் சந்தையில் ஒரு சிறு பங்காளி. ஆகவே அறியாமை நமக்குக் கட்டுபடியாகாது.

அறிந்தவன் என்ன செய்வான்? முதலில் கடனை அடைப்பான். வட்டி கட்டும் கடனைத் தீர்ப்பதைவிட உறுதியான லாபம் எந்தச் சந்தையிலும் இல்லை. அடுத்து, ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேர்த்து வைப்பான். அதுதான் அவனது வைக்கோற்போர்! அதற்குப் பிறகும் மிஞ்சினால், பத்தாண்டுக்குத் தேவைப்படாது என்று துணிந்த தொகையை மட்டும், ஒரே கம்பெனியில் கொட்டாமல், சந்தையின் பல கம்பெனிகளிலும் பரவிய குறியீட்டு நிதியிலே மாதம் சிறிது சிறிதாகப் போடுவான். மகள் திருமணப் பணத்தைப் போடமாட்டான். நகையை அடகு வைத்துப் போடமாட்டான். மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று எவன் சொன்னாலும் வாயிற்படி ஏற்றமாட்டான். பங்கில் உறுதி லாபம் தருவதாகச் சொல்வதைச் சட்டமே தடுக்கிறது.

இவ்வளவும் தனி மனிதன் தன்னைக் காக்கும் வழி. ஆனால், மாதக் கடைசியில் மிச்சமே இல்லாதவனுக்கு முதலீட்டு உபதேசம் எதற்கு? பசித்தவனுக்குப் பந்தி விளக்கமா? கூலி உயர்ந்தால்தான் மிச்சம். வேலை நிலைத்தால்தான் காத்திருக்கும் வலிவு. நோய்க்கும் முதுமைக்கும் பாதுகாப்பு இருந்தால்தான், விலை விழுந்த நாளிலே விற்க ஓடாத நெஞ்சுறுதி. இவற்றைத் தரகர் தரமாட்டார், சந்தையும் தராது. சங்கம் தரும், சட்டம் தரும், ஒன்றுபட்ட உழைப்பாளர் உறுதி தரும்!

சரிவு மீண்டும் வரும். என்று வரும் என்பதை எவரும் அறியார். வரும்போது மாடு விற்க ஓடுபவனாக நாம் இருப்பதா, மழை வரும்வரை பொறுத்திருப்பவனாக இருப்பதா? வைக்கோற்போர் வேண்டும், தோழர்களே! அந்தப் போரைக் குவிக்கவும் ஒரு போர் வேண்டியிருக்கிறது!