எந்த வருஷம் பாஸ் அவுட்?

ஹைதராபாத்தின் அமீர்பேட்டில், மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சாஃப்ட்வேர் பயிற்சி மையங்களின் போர்டுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். ஜாவாவோ, பைத்தானோ, டெஸ்டிங்கோ, எதைப் படிக்க வந்தவரானாலும் அங்கே தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு: 'எந்த வருஷம் பாஸ் அவுட்?' வேலை அறிவிப்புகளிலும் '2024, 2025 பாஸ் அவுட் மட்டும்' என்றுதான் போடுகிறார்கள். தெலுங்குப் பையன், பழைய நகரத்தின் உருதுப் பெண், வேலூரிலிருந்து ரயிலேறி வந்த தமிழ் இளைஞர் என எல்லோருக்கும் அது சட்டென்று புரியும்.

அதையே ஓர் அமெரிக்க மேலாளரிடம் வீடியோ காலில் சொன்னால் கதை வேறு. 'ஐ பாஸ்டு அவுட் இன் 2024' என்றால், '2024-ல் மயங்கி விழுந்தேன்' என்றுதான் அவர் காதில் விழும். பேச்சின் போக்கை வைத்து அவர் புரிந்துகொள்ளக்கூடும். ஆனாலும் அறிமுகத்தின் முதல் வரியிலேயே ஒரு தடுக்கல்.

அதற்காக இதை இந்தியர்களின் தப்பு இங்கிலீஷ் என்று ஒதுக்கிவிட முடியாது. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் அந்தப் பொருள் இருக்கிறது. 1975-ல் மவுண்ட் அபுவிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த சர்தார் வல்லபபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமியில் இளம் ஐ.பி.எஸ். அதிகாரிகள் பயிற்சி முடித்து அணிவகுக்கும் நிகழ்ச்சியைப் பத்திரிகைகள் 'பாசிங் அவுட் பரேடு' என்றே எழுதுகின்றன. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அதே பெயர்தான். அங்கே அணிவகுப்பு முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, பிள்ளையின் தோளில் மூடியிருக்கும் நட்சத்திரங்களைத் திறந்து காட்டுவார்கள். ஹைதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமி மட்டும் 'கிராஜுவேஷன் பரேடு' என்கிறது. சீருடைக்காரர்களுக்கென்று இருந்த சொல்லை இந்தியா பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் கொண்டுவந்துவிட்டது. மொழி வளரும் விதமே இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2023 ஜூனில் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட அணிவகுப்பு ஒத்திகையில், கனத்த கம்பளிச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்து நின்ற வீரர்கள் சிலர் வெயில் தாங்காமல் மயங்கிச் சாய்ந்தார்கள். அதுவும் 'பாஸ் அவுட்'தான். அமெரிக்க வகுப்பறைக்குப் போனால் மூன்றாவது பொருள் காத்திருக்கும். ஆசிரியர் கேள்வித்தாள்களை 'பாஸ் அவுட்' செய்யச் சொன்னால், எல்லோருக்கும் கொடு என்று அர்த்தம். இந்தப் பொருளில் மட்டும் சொல்லைப் பிரித்து, நடுவே 'பேப்பர்ஸ்' என்று நுழைக்கலாம். மயக்கத்துக்கும் பட்டத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது.

வினையோடு ஒட்டும் குட்டிச் சொல் பொருளையே புரட்டிப்போடும் இந்த வகைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் தன் நூலில் பயன்படுத்தினார். வெளிநாட்டவரைத் திணறடிப்பது இதுதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-லேயே தன் அகராதியின் முன்னுரையில் சொல்லிவிட்டார். தமிழரும் இதற்குப் புதியவர் அல்லர். 'போடு', 'கொடு' இரண்டும் தெரிந்த வெளிநாட்டவரால் 'மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்' என்பதைப் புரிந்துகொள்ள முடியுமா?

பாஸ் அவுட் இங்கே இன்னொரு திருப்பமும் எடுத்திருக்கிறது. '2023 பாஸ் அவுட், ரெண்டு அரியர் இருக்கு' என்று சென்னையில் சகஜமாகச் சொல்வார்கள். அரியரை ஹைதராபாத்தில் 'பேக்லாக்' என்பார்கள். ஆக, எல்லாப் பாடத்திலும் பாஸாகாதவரும் பாஸ் அவுட்தான்! படிப்புக் காலம் முடிந்த ஆண்டைச் சொல்லும் அடையாளமாகவே அது மாறிவிட்டது. அதனால்தான் நிறுவனங்கள் 'பேக்லாக் இருக்கக் கூடாது' என்று தனியாக ஒரு நிபந்தனை போடுகின்றன.

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1958-லேயே மத்திய நிறுவனம் தொடங்கப்பட்ட நகரம் ஹைதராபாத். அதுவே இன்று இஃப்ளூ என்ற மத்தியப் பல்கலைக்கழகம். அந்த நகரத்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். நேர்காணலுக்குத் தயார்செய்யும் பயிற்சி மையங்கள், கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் ரெஸ்யூமேயிலும் விசா நேர்காணலிலும் 'கிராஜுவேட்டட் இன் 2024' என்று சொல்லுங்கள். டிப்ளமோ என்றால் 'கம்ப்ளீட்டட்' போதும். நண்பர்களிடம் பாஸ் அவுட் என்றே பேசுங்கள். அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.