கரி கக்கும் அடுப்பு

"அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்கிறார் டாக்டர். இதற்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

செல்லின் மின்நிலையம் என்று பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். எனக்கோ அம்மாவின் மண்ணெண்ணெய் திரி ஸ்டவ்தான் ஞாபகம் வரும். ஒரு திரி கெட்டால் போதும். சோறு வேகாது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. பழுதான மைட்டோகாண்டிரியாவும் அப்படித்தான். ஆற்றல் குறையும், கூடவே எலக்ட்ரான்கள் கசிந்து, செல்லையே அரிக்கும் ஆக்சிஜன் கழிவுகள் சேரும். எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எரிக்கிறது. அங்கே திரி கெட்டால் பாடு பெரிது.

1982. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், போதைப் பழக்கமுள்ள சிலர் திடீரென்று சிலைபோல் உறைந்துபோனார்கள். பேச்சில்லை, அசைவில்லை. கிழவர்களுக்கு வரும் பார்க்கின்சன் இவர்களுக்கு எப்படி? வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்தார். கள்ளத்தனமாகக் காய்ச்சிய செயற்கை ஹெராயினில் எம்.பி.டி.பி. என்றொரு வேண்டாத பொருள் கலந்திருந்தது.

அது போகும் வழிதான் வேடிக்கை. எம்.பி.டி.பி. தானாக எதையும் கொல்லாது. மூளையிலுள்ள ஒரு நொதி அதை எம்.பி.பி.யாக மாற்றுகிறது. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களோ, 'நம்ம டோபமைன்தானே' என்று கதவைத் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனது நேராக மைட்டோகாண்டிரியாவில் சேர்ந்து, எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் எடுக்கும் சங்கிலியின் முதல் கண்ணியையே அடைக்கிறது. பக்கத்துச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிட, டோபமைன் செல்கள் மட்டும் கொத்தாக மடிகின்றன. டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை கொடுத்ததும் அந்த நோயாளிகளுக்கு அசைவு திரும்பியது. செத்த செல்கள் திரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த எம்.பி.பி.யின் வேதி உருவம், பாராக்வாட் என்ற களைக்கொல்லியின் உருவத்தை ஒத்தது. பாராக்வாட் சங்கிலியை அடைப்பதில்லை, கரியைப் பெருக்குகிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதைக் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. அதுதான் காரணம் என்று இதை வைத்துமட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு களைக்கு 'மருந்து' அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு ஜோடி கையுறைகூட வாங்கித் தராத பண்ணைக்காரர்களை என்ன சொல்ல!

வாசகரே, உங்கள் அப்பா வயலில் மருந்தடித்தவரா? ஆமென்றால், எந்த மருந்து, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.