சுற்றுகிறது, பற்றவில்லை!

பெங்களூரிலிருந்து சேலத்துக்குக் காரில் வரும் குடும்பங்கள், கிருஷ்ணகிரியைத் தாண்டிக் காரிமங்கலத்தருகே காப்பிக்கு இறங்குவது உண்டு. கால் மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், அதுவரை சமர்த்தாக ஓடி வந்த வண்டி 'கர்... கர்...' என்று சுற்றுகிறதே தவிர, கிளம்ப மறுக்கிறது. உடனே கடைக்காரர், லாரி டிரைவர், வழிப்போக்கர் எல்லோரும் கூடி, "தள்ளுங்கள்!" என்கிறார்கள். நம் ஜனங்களின் உபகார சிந்தையை நாம் போற்றுகிறோம். ஆனால் இந்த உபகாரம் வீண் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டரி சோர்ந்து ஸ்டார்ட்டர் சுற்றாதபோது, சக்கரத்தின் மூலமாக யந்திரத்தைச் சுற்றிவிடுவதற்குத்தான் தள்ளுவது. ஸ்டார்ட்டரே விறுவிறுப்பாகச் சுற்றும்போது தள்ளுவதால் புதிதாக என்ன கிடைக்கும்? நெடுஞ்சாலையில் தள்ளுகிறவரின் உயிருக்கு ஆபத்துதான் மிச்சம். புதுப் பாட்டரி வாங்குவதும் பணத்துக்குக் கேடு. சுற்றும் சத்தம் மந்தமாய் முனகினால் மட்டும் பாட்டரியைச் சந்தேகிக்கலாம்.

சுற்றுவது வேறு, பற்றுவது வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், டி. வி. எஸ். ஸ்தாபனத்தார் செய்த கரிவாயுச் சாதனத்தைப் பூட்டிக்கொண்டு நம் பஸ்கள் ஓடின. கரி கனன்று வாயு பிறக்கும் வரையில் யந்திரத்தைச் சுற்றிப் பயனில்லை என்பது அக்காலத்து டிரைவர்களுக்கு மனப்பாடம். இன்றைய பெட்ரோல் யந்திரத்துக்கும் நியதி அதுதான். எரிபொருளும் காற்றும் உள்ளே சென்று, நன்றாக அழுத்தப்பட்டு, சரியான கணத்தில் பொறி விழ வேண்டும்.

ஆகவே முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைச் சுற்றும் நிலைக்குக் கொண்டுபோகாமல் ஒரு படி முன்பே நிறுத்தினால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் ஆசனத்தின் பக்கமிருந்து இரண்டொரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்பு. மௌனமாயிருந்தால் பியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டுப் பம்பைப் பார்க்கலாம். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று விசாரிக்க வெட்கப்பட வேண்டாம். அளவு காட்டும் முள்ளும் பொய் சொல்வதுண்டு! சாவிச் சின்னமுள்ள விளக்கு விட்டு விட்டு மின்னினால், திருட்டுத் தடுப்புச் சாதனம் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

காப்பிக்கு நின்ற வண்டிக்கென்றே ஒரு வியாதி உண்டு. யந்திரத் தண்டின் சுழற்சியைக் கவனித்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார், பழுதாகும் தருணத்தில், சூட்டிலே மயங்கிவிடுகிறது. அது பேசாவிட்டால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அரை மணி ஆறிய பிறகு, வண்டி ஒன்றும் அறியாததுபோல் கிளம்பும். கிளம்பிவிட்டதே என்று அப்படியே தொப்பூர்க் கணவாயில் இறங்கிவிடாமல், தருமபுரியிலேயே பரிசோதித்துக்கொள்வது உத்தமம்.

இரவு முழுதும் வீட்டில் நின்ற வண்டியானால், முதல் குற்றவாளி எலி. கடித்த வயரைத் தேட வேண்டும். டீசல் வண்டிக்குப் பொறியே கிடையாது. அங்கே குழாயில் புகுந்த காற்றையோ அடைத்த பில்டரையோதான் பெரும்பாலும் நோக வேண்டும்.

எதுவானாலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், நடுவில் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுப்பது ஸ்டார்ட்டரைக் காக்கும். வழக்கத்துக்கு மாறாக, பிடிப்பில்லாமல் வேகமாகச் சுற்றினால் உடனே நிறுத்துக. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்; மேலும் சுற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும். அந்தச் செலவு சாமானியமல்ல.

வண்டி சாலையிலேயே நின்றுவிட்டால், குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கவைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடலாம். மெக்கானிக்கிடம் வெறுமே "ஸ்டார்ட் ஆகவில்லை" என்னாமல், சுற்றுகிறதா, பம்பு சத்தம் கேட்டதா, எந்த விளக்கு எரிந்தது, நின்றபோது வண்டி சூடாயிருந்ததா என்று சொன்னால், எந்தச் சாமானோடு புறப்பட வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிடும்.