கடதாசிக் குழாயின் வலிமை

திருவிழா வானத்தில் ஏறும் ஈர்க்குவாணத்தின் உடம்பு கடதாசிக் குழாய்தான். பொழுதுபோக்கு ரொக்கெற்றின் உடம்பும் பெரும்பாலும் அதுவே. 1954-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓர்வில் கார்லைல் உருவாக்கிய முதல் மாதிரி ரொக்கெற்றின் உடம்பும் கடதாசியால் ஆனது. எடை குறைவு, கீழே விழுந்தால் உலோகம்போலச் சிதறித் தாக்காது. அதனால் மாதிரி ரொக்கெற்றுகளுக்கான பாதுகாப்பு விதிகள் உடம்புக்கு உலோகத்தை அனுமதிப்பதில்லை.

குழாயின் வலிமை சுற்றும் விதத்தில் இருக்கிறது. வழுவழுப்பான உருளைத் தடியின்மேல் மெழுகுத்தாள் ஒரு சுற்று. பசை தடியில் ஒட்டாமலிருக்க இது உதவும். பிறகு பழுப்புக் கடதாசி. கடதாசியின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கிழித்துப் பார்த்தே அறியலாம்: நாரின் போக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகக் கிழியும். நார் தடியின் நீளத்தோடு ஓடும்படி வைத்தால் மடிப்பு விழாமல் சுருளும். குழாயும் எளிதில் வளையாது.

முதற்சுற்று பசையில்லாமல் போகும். அடுத்த சுற்றுகளில் பசையை மெல்லிதாகத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். பசை மிகுந்தால் கடதாசி ஊறிச் சுருக்கம் விழும். காற்றுக்குமிழ் தங்கினால் அந்த இடம் பலவீனமாகும். சுற்றிய குழாயைத் தடியிலிருந்து உருவி நிழலில் காயவைப்பர். வெயிலில் வைத்தால் ஒருபக்கம் முந்திக் காய்ந்து கோணும். நன்றாகக் காய்ந்த குழாயை மேசையில் தட்டினால் மரக்கட்டைபோல் ‘டக்’ என்று ஒலிக்கும்.